வந்தி கட்டிய வரி

சிறு நகரம் ஒன்றில் ஓட்டல்களிலிருந்து வரும் வரி ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்றால் என்ன காரணம்? வணிகர் சங்கத்தில் கேட்டால் புறவழிச்சாலையைச் சொல்வார்கள். வணிகவரி அலுவலகத்தில் கேட்டால் பில் போடாமல் விற்கிறார்கள் என்பார்கள். ஓட்டல் முதலாளிகள் ஸ்விகியையும் சொமேட்டோவையும் திட்டுவார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்று பதில்களிலும் பெண்கள் இல்லை. சாப்பாட்டைப் பற்றிய பேச்சிலேயே பெண்கள் காணாமல் போக முடிகிறது என்பதுதான் என்னை இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது.

நான் படித்தது தமிழ், பொருளாதாரம் அல்ல. வரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவள் வந்தி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தில் வருகிற பிட்டுக்காரக் கிழவி. வையையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். வந்திக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் பங்குக் கரையை அடைக்கச் சிவன் கூலியாளாக வருகிறார், உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்கிறார், வேலை செய்யாமல் ஆடிப்பாடிப் பிரம்படி படுகிறார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இது நடித்துக் காட்டப்படுகிறது.

வகுப்பில் இதை நடத்துகிறவர்கள் பிரம்படியில் போய் நின்றுவிடுவார்கள். நான் ஆணையிலேயே நின்றுவிடுவேன். புராணம் வரலாறு அல்ல. ஆனால் புராணம் இயல்பு என்று எண்ணி விளக்காமல் விடுவதெல்லாம் வரலாறுதான். வீடு என்றால் அதில் அனுப்புவதற்கு ஓர் ஆண் இருப்பான் என்று அந்த ஆணை நினைக்கிறது. வந்தியின் அடுப்பை ஒரு தொழில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கரையில் அவள் பங்கு மட்டும் சரியாக அளந்து விடப்படுகிறது. அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோய்க் கூலிக்கே சரியாகிறது, அதாவது ஒரு நாள் வரவு முழுவதும் வரி. பக்தி இலக்கியம் அவளுக்குச் சிவலோகம் கொடுத்தது. வரிவிலக்குக் கொடுக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலும் சமைத்து விற்கிறவர்கள் வருகிறார்கள். பிட்டு விற்போர் காழியர், அப்பம் விற்போர் கூவியர். இரண்டும் ஆணா பெண்ணா என்று சொல்லாத பெயர்கள். கள் விற்பவர்களை மட்டும் பெண்பாலில் 'ஆட்டியர்' என்கிறார் இளங்கோ. அப்பத்தைச் சுட்டது யார் என்பதை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கள்ளைச் சொன்னேன். நம்முடைய விற்பனை வரியின் கதையும் கள்ளிலிருந்துதான் தொடங்குகிறது. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராய வருவாய் மாகாணக் கஜானாவுக்குப் பெரிய ஆதாரம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. ஆக, வீட்டுக்குள் குடியால் அடிபட்ட பெண்களின் பெயரால் ஒரு வருவாய் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் இன்னொன்று வந்தது. வரி வரலாற்றுப் புத்தகங்களில் ராஜாஜி இருக்கிறார். மறியலில் நின்ற பெண்களை அங்கே தேட வேண்டியிருக்கிறது.

ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி போடலாமா என்பது பிறகு பெரிய வழக்காயிற்று. 1978இல் டில்லி உணவக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் போட முடியாது என்றது. அதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. உணவகத்தில் சாப்பாடு போடுவது ஒரு பொருளை விற்பது அல்ல, மனிதரின் தேவையை நிறைவு செய்யும் சேவை. உட்கார இடம், பரிமாறும் கை, கழுவிய தட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அது. அதிலிருந்து சோற்றை மட்டும் பிரித்தெடுத்து விற்பனை என்று சொல்ல முடியாது என்றது தீர்ப்பு. மாநிலங்கள் பதறின. 1982இல் நாடாளுமன்றம் 46ஆவது திருத்தமாக அரசியலமைப்பையே மாற்றியது. 366ஆம் பிரிவில் 29ஏ என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்து, உணவு வழங்குவதையும் விற்பனையாகக் கொள்ளலாம் என்றது. பரிமாறுவதும் துடைப்பதும் சோற்றைவிடக் குறைந்தது அல்ல என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொன்னது ஓட்டல்களுக்காக. அதே வேலை வீட்டில் நடந்தால் அதற்குப் பெயர் பாசம்.

இந்த இடத்தில் சிறு நகரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சிறு நகரங்களே உணவகச் சாப்பாட்டுக்கு வரி போட்டுத் தங்கள் செலவைப் பார்த்துக்கொள்கின்றன. நம் நகராட்சிக்கு அந்த உரிமை இல்லை. அதற்கு வருவது சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம். ஓட்டல் பில்லில் இருக்கும் ஐந்து சதவீதம் மாநிலத்துக்கு இரண்டரை, ஒன்றியத்துக்கு இரண்டரை என்று பிரிந்துபோகிறது. ஊரின் ஓட்டல் வரி குறைகிறது என்பது வணிகவரிச் சரகத்தின் பதிவேட்டில் தெரிகிற செய்தி. அந்தப் பதிவேட்டை எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஓட்டலுக்குப் பன்னிரண்டு சதவீதம், ஏசி ஓட்டலுக்குப் பதினெட்டு. நவம்பர் 15 முதல் பெரும்பாலான உணவகங்களுக்கு ஐந்து. அரிசிக்கும் எண்ணெய்க்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையும் அத்தோடு போயிற்று. ஏசி அறையில் நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டவர் அக்டோபரில் பதினெட்டு ரூபாய் வரி கொடுத்தார், டிசம்பரில் ஐந்து. இட்லி அதே இட்லி. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்குள் விற்கும் கடை பதிவே செய்ய வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் செயலி வழியாகப் போகும் சாப்பாட்டுக்குச் செயலி நிறுவனமே வரி கட்ட வேண்டும். நம் ஊர் அடுப்பில் வெந்த பிரியாணியின் வரி அதன் பிறகு நம் ஊர் ஓட்டலின் கணக்கில் வருவதில்லை. வரி குறைந்ததால் ஊர் குறைவாகச் சாப்பிடுகிறது என்று பொருள் இல்லை. அடுப்பு வேறு எங்கோ மாறியிருக்கிறது, அல்லது கணக்கு மாறியிருக்கிறது.

புறவழிச்சாலைக் கதையும் அதுதான். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் ஊருக்கு வெளியே சுற்றிப் போகத் தொடங்கியபின், பேருந்து நிற்குமிடம் சாலையோர மோட்டலாயிற்று. ஊர் நடுவே பேருந்து நிலைய ஓட்டலில் விழுந்த காசு அங்கே விழுகிறது. அந்த இருபது நிமிட நிறுத்தத்தில் ஆண்கள் சாப்பிடுகிறார்கள். பெண்களில் பலர் கழிப்பறையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு வருவாய் இழப்புதான். யாரும் எழுதுவதில்லை.

மாறிப்போன அடுப்புகளில் பெரும்பாலானவை பெண்களின் அடுப்புகள். 2017 மே 30 அன்று வரிவிகிதத்தை எதிர்த்துத் தமிழகமெங்கும் ஓட்டல்கள் ஒரு நாள் மூடப்பட்டன. விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் எழுதின. அன்று எத்தனை வீடுகளில் கூடுதலாக ஓர் உழக்கு அரிசி களைந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 2020இன் ஊரடங்கில் அந்த ஒரு நாள் மாதக்கணக்கில் நீண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019இல் ஒன்றிய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செய்கிறார்கள். அப்படிச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். ஓட்டல் மூடினால் அந்தப் பந்தி 97 நிமிடத்தின் பக்கம் போவதில்லை.

எல்லாக் குறைவும் துயரம் அல்ல. 2013இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டபோது, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஏதோ ஓர் ஓட்டலில் பார்சல் கொஞ்சம் குறைந்திருக்கும். விடியலில் வயலுக்கோ மில்லுக்கோ ஓடுகிற தாய், பிள்ளைக்கு இரண்டு இட்லி கட்டி வாங்க வேண்டியதில்லை என்றால் அந்த வரி குறையட்டும். ஆனால் இரண்டு இடத்திலும் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் என்பதையும், அவர்களில் பலர் வீட்டில் ஒருமுறை உலை வைத்துவிட்டு வருகிறவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பழைய காரணமும் உண்டு. ஊரில் பாதிப்பேரை ஓட்டல்கள் வாடிக்கையாளராக எண்ணியதே இல்லை. யார் எங்கே உட்காரலாம் என்பதில் ஓட்டலுக்கு ஒரு சாதி வரலாறு இருக்கிறது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் நடத்திய போராட்டம் அதில் ஓர் அத்தியாயம். பலகை இல்லாமலே பெண்களை உள்ளே தள்ளிய திரைச்சீலைக்கு எதிராக அப்படியொரு மறியல் நடந்ததாக நான் படித்ததில்லை. நான் முதுகலை படித்த காலத்திலும் எங்கள் பக்கத்து ஓட்டல்களில் பெண்கள் 'ஃபேமிலி ரூம்' என்ற இருட்டறைக்குத்தான் அனுப்பப்பட்டோம். தோழிகள் இருவர் போனால் ஃபேமிலி எங்கே என்று சப்ளையர் கேட்பார். பின்கட்டில் காய் நறுக்கியதும் பாத்திரம் தேய்த்ததும் பெண்கள். முன்கட்டில் மாஸ்டர், சப்ளையர், கல்லா எல்லாம் ஆண்கள்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஊரில் கல்லூரிக்கு எதிர்ச்சந்தில் ஓர் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். மாணவிகளில் பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். பதிவேட்டின்படி அவர் வரி கட்டாதவர். தரை வாடகையை ஏலம் எடுத்தவருக்குத் தினமும் கொடுக்கிறார், ரசீது சில நாள் வரும். தண்டல்காரருக்கு வட்டி. 2022 ஜூலை 18 முதல் இருபத்தைந்து கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி, உளுந்துப் பைக்கும் ஐந்து சதவீதம் வந்துவிட்டது. அதைக் கொடுத்துத்தான் மாவரைக்கிறார். பெரிய ஓட்டல் அந்த ஐந்து சதவீதத்தைச் சாப்பிடுகிறவர் பில்லில் ஏற்றிவிடும். இவர் ஓர் இட்லிக்கு ஐம்பது காசு ஏற்றினால் மாணவிகள் முகம் வாடும் என்று இரண்டாண்டாக ஏற்றவில்லை.

போன ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்குக்கு அவரிடமே காலைச் சாப்பாடு சொல்லலாம் என்றேன். ஜிஎஸ்டி எண் உள்ள பில் இல்லாமல் பணம் தர முடியாது என்றது அலுவலகம். ஆர்டர் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய ஓட்டலுக்குப் போயிற்று. விதிப்படி சரிதான். பேராசிரியர்கள் பெண் உழைப்பைப் பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டு அந்தப் பொங்கலைச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு அக்கா தாமாகவே பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். வரம்புக்குள் இருந்தாலும் விரும்பினால் செய்யலாம். கூட்டு வரித் திட்டத்தில் விற்பனையில் ஐந்து சதவீதத்தைத் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். சாப்பிடுகிறவரிடம் தனியாக வசூலிக்க முடியாது. கல்லூரி ஆர்டர் ஒழுங்காக வந்தால் கட்டுப்படியாகும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார். படிவத்தைக் கணினியில் நான்தான் நிரப்பினேன். தொழில் நடக்கும் இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. அவர் சமைப்பது வீட்டில், வீட்டு வரி ரசீது மாமனார் பெயரில். உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மாமனார் காலையில் முதல் ஈடு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்குப் போகிறார். கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்வரை அவர் கையெழுத்துப் போடவில்லை.