அலைக்கற்றைப் பகிர்வு: மலேசியா

அலைக்கற்றைப் பகிர்வு என்பது ஒரே வானலைப் பட்டையைப் பல சேவைகளோ நிறுவனங்களோ ஒன்றுக்கொன்று இடையூறின்றிப் பயன்படுத்தும் முறையாகும். மலேசியாவில் இதற்கான சட்ட அடித்தளத்தை 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் அமைத்தது. இச்சட்டம், ஒரு பட்டையை ஒருவருக்கே உரித்தாக்கும் ஒதுக்கீடு, குறிப்பிட்ட கருவிக்குரிய ஒதுக்கீடு, நிபந்தனைக்குட்பட்டு எவரும் பயன்படுத்தக்கூடிய பொது ஒதுக்கீடு என மூன்று வகைகளை வகுத்தது. மூன்றாம் வகையைச் சேர்ந்த வைஃபை, கம்போங் மேடான் போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும் இயங்க முடிவது, ஒவ்வொரு கருவியும் அலைவரிசை ஓய்ந்திருப்பதை அறிந்த பின்னரே தரவை அனுப்பும் ஒழுங்கினாலாகும்.

செயற்கைக்கோளும் தரைக்கோபுரமும்

10 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளைக் கனமழை வெகுவாக வலுவிழக்கச் செய்வதால், வெப்பமண்டல நாடுகளில் 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான சி-பட்டை செயற்கைக்கோள் தொடர்புக்கு முதன்மையானது. 1996இல் ஏவப்பட்ட மலேசியாவின் மீசாட்-1 செயற்கைக்கோள் இப்பட்டையையும் பயன்படுத்தியது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது என்பதால், அதே பட்டையில் அருகிலுள்ள கோபுரம் அனுப்பும் அலை அதனை மூழ்கடித்துவிடும். 2007ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பு மாநாடு, இப்பட்டையின் கீழ்ப்பகுதியைப் பல நாடுகளில் செல்பேசிச் சேவைக்குத் திறந்துவிட்டது. அக்காலத்தில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரு சேவைகளும் உடனியங்கத் தேவையான இடைத்தொலைவையும் வடிகட்டிகளையும் ஆராய்ந்தனர்.

கூட்டு வலையமைப்பு

2018 நவம்பரில் அமைந்த தேசிய 5ஜி பணிக்குழு, அரசையும் தொழில்துறையையும் ஒருங்கே அமர்த்தி அலைக்கற்றை மேலாண்மையை ஆராய்ந்தது. 2019 அக்டோபர் 31 அன்று ஒப்புமைத் தொலைக்காட்சி நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதால் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் விடுபட்டது. 2021இல் அரசு நிறுவிய டிஜிட்டல் நேஷனல் நிறுவனம், 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ், 28 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் திட்டத்துடன், அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகியவற்றின் சில பகுதிகளில் 5ஜி சேவையைத் தொடங்கியது. பட்டையைத் துண்டாடினால் ஒரு நிறுவனத்தின் பங்கு வெறுமனே கிடக்கும்போதும் மற்றொன்று நெரிசலில் தவிக்க நேரும். சேர்த்துவைத்தாலோ ஓய்ந்த பகுதி தேவைப்படுவோருக்கு உடனே பயன்படும்.

2024 நவம்பரில் இரண்டாம் 5ஜி வலையமைப்பை அமைக்க யு மொபைல் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 3.5 கிகாஹெர்ட்சில் அனுப்புதலும் பெறுதலும் ஒரே அலைவரிசையில் மாறிமாறி நிகழ்வதால், அடுத்தடுத்த வலையமைப்புகள் தம் நேரத்தை ஒத்திசைத்துக்கொள்ளாவிடில் ஒன்றின் அனுப்புதல் மற்றொன்றின் பெறுதலைக் கெடுக்கும். ஆகவே போட்டி நிலவும் சூழலிலும் பொறியாளர்களின் கூட்டுழைப்பு இன்றியமையாததாகும்.