மாரியும் நாலு சில்லும்

கனடாவிலிருந்து வந்த மச்சான் அரியாலையில் வைத்துக் கேட்டான்: "மாரிக்கு நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வேணுமெல்லே?" அவனுக்கு மாரி எண்டால் பனி. எங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் பெய்யிற மழை.

1948 சித்திரையில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் வந்தது. நாலு சில்லும் இழுக்கும். அதே வருசம் ஐப்பசியில் லண்டனில் மொறிஸ் மைனர் வந்தது. அதுக்குப் பின்சில்லு ரண்டும்தான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் புகுந்து நிலைத்தவை மைனரும் ஒஸ்ரினும்தான். நிலம் தட்டையான சுண்ணாம்புக்கல். மலையேற்றம் எண்ட பேச்சே இல்லை.

உண்மையான சோதனை 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையோடு வந்தது. காபிறேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் பிள்ளைத்தாச்சியையும் காயப்பட்டவரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவை அந்தக் கிழட்டுக் கார்கள். நாலு சில்லு வாகனங்களில் போனவர்கள் பெரும்பாலும் படைகளும் தொண்டு நிறுவனங்களும். அவர்களுக்கு எண்ணெய் கிடைத்தது, சனத்துக்கு இல்லை. அப்ப குறைந்தது சில்லு இல்லை, எண்ணெய்.

இப்பவும் ஈர றோட்டில் வாகனத்தை நிப்பாட்டுறது ரயரும் பிறேக்கும்தான். எத்தனை சில்லு இழுத்தாலும் தேய்ந்த ரயர் வழுக்கும். லீசிங் கட்டி ஜீப் வாங்க நிற்கிற பெடியள் முதலில் ரயரைப் பாருங்கோ.

கிழக்கு அரியாலை மணலில் புதைஞ்சால் என்ன செய்யிறது எண்டு மச்சான் விடாமல் கேட்டான். லாண்ட்மாஸ்ரரைக் கூப்பிட்டு இழுப்பிப்பம். அதுக்கும் இழுக்கிறது ரண்டு சில்லுதான்.