ஒரு நாட்டில் இரண்டு பெருநாள்: பிறையும் சாட்சியும் ஒற்றுமையும்

2013 ஓகஸ்ட் 8ஆம் திகதி, வியாழக்கிழமை. திருகோணமலையில் இருந்து கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஊடகக் கற்கை படித்த நண்பன் முதல் நாள் இரவு அழைத்து, "நாளைக்குப் பெருநாள், சாப்பாட்டுக்கு வா மச்சான்" என்று சொல்லியிருந்தான்.

வீட்டில் நண்பனின் வாப்பா தொழுகை முடித்துப் புதுச் சாரத்தோடு இருந்தார். உம்மா வட்டிலப்பம் வைத்தார். ஒரு மூலையில் நண்பனின் மூத்த சகோதரியின் கணவர் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கொழும்பில் கடையில் வேலை செய்பவர், பெருநாளுக்காக ஊருக்கு வந்திருந்தார். "நீங்கள் சாப்பிடவில்லையா அண்ணா?" என்று கேட்டேன். "எனக்கு இன்றைக்கு நோன்பு தம்பி. எனக்குப் பெருநாள் நாளைக்குத்தான்" என்றார்.

ஒரே வீட்டில் மாமனாருக்குப் பெருநாள், மருமகனுக்கு நோன்பு. கலண்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விடயம்தானே இது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நம்மில் பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் ரமழான் தொடங்கும்போதும் முடியும்போதும் 'இவர்களுக்கு எத்தனை பெருநாள்?' என்ற கேலி தமிழர் மத்தியில் வந்துபோகும். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் படித்ததும் கேட்டறிந்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஏன் பிறையைப் பார்க்க வேண்டும்?

இஸ்லாமிய மாதம் சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஓர் அமாவாசையில் இருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாட்கள். ஆகவே மாதத்துக்கு 29 அல்லது 30 நாட்கள். பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 354 நாட்கள் வரும். அதனால்தான் ரமழான் வருடாவருடம் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 வருடங்களில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

பிறை கண்டு நோன்பு பிடிக்கவும் பிறை கண்டு நோன்பை விடவும் நபிகள் நாயகம் பணித்ததாக ஹதீஸ்கள் சொல்கின்றன. மேகம் மறைத்தால் நடப்பு மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்ய வேண்டும். எழுத்தறிவோ கருவியோ இல்லாத ஓர் இடையனும் மீனவனும்கூடப் பின்பற்றக்கூடிய விதி இது.

தேதியைத் தவறவிடுவது மார்க்கத்தில் சிறிய விடயமாகக் கருதப்படுவதில்லை. ரமழானில் தகுந்த காரணமின்றி நோன்பை விடுவது பெரும் பாவம். பெருநாளன்று நோன்பு பிடிப்பதோ ஹராம், தடுக்கப்பட்டது. கிண்ணியா வீட்டில் மாமனாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் சாப்பிடும்படியோ சாப்பிடாமல் இருக்கும்படியோ வற்புறுத்தாததன் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. இருவரும் பாவத்துக்கு அஞ்சியே எதிரெதிரான முடிவை எடுத்திருந்தார்கள்.

வானத்தில் என்ன நடக்கிறது?

அமாவாசைக் கணத்தில் சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் இருக்கும். அதன்பின் சந்திரன் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை வீதம் சூரியனை விட்டு விலகும். சுமார் 7 பாகைக்குக் குறைவாக விலகியிருந்தால் பிறையின் ஒளிக்கீற்றே உருவாகாது என்பது வானியலாளர்களின் கணிப்பு. வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு இன்னும் கூடுதலான விலகல் வேண்டும். அடிவானத்தின் தூசு, ஈரப்பதன், மேகம், பார்ப்பவரின் கண் ஆகியவையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அமாவாசை எந்த வினாடியில் நிகழும் என்பதை இன்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். பிறை எந்த ஊரில் எந்தக் கண்ணுக்குத் தெரியும் என்பதை அதே துல்லியத்தோடு சொல்ல முடியாது. கலண்டரால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராததற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் பூமியின் சுழற்சி. மக்காவில் சூரியன் மறைவது இலங்கையில் மறைந்து இரண்டரை முதல் மூன்று மணித்தியாலங்களுக்குப் பிறகு. அதற்குள் பிறை இன்னும் சற்று விலகியிருக்கும். இங்கே தெரியாத பிறை அன்று மாலையே அங்கே தெரியலாம். பல வருடங்களில் சவூதியில் நோன்பு எங்களுக்கு ஒரு நாள் முந்தித் தொடங்குவதை இது ஓரளவு விளக்குகிறது.

எந்தப் பிறை யாருக்கு?

ஓர் ஊரில் கண்ட பிறை இன்னோர் ஊரைக் கட்டுப்படுத்துமா? இந்தக் கேள்வி இஸ்லாத்தின் முதல் தலைமுறையிலேயே எழுந்துவிட்டது. சிரியாவில் வெள்ளி இரவு பிறை கண்டதாகச் சொல்லிக்கொண்டு குறைப் என்பவர் மதீனாவுக்கு வந்தார். நபித்தோழர் இப்னு அப்பாஸ், தாங்கள் சனி இரவே கண்டதாகவும் அந்தக் கணக்கின்படியே நோன்பைப் பூர்த்தி செய்யப்போவதாகவும் பதிலளித்தார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

இந்தச் சம்பவத்தைப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் வெவ்வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப், தூரத்து ஊர்களுக்குப் பிறை தோன்றும் தளம் வேறு, ஆகவே கணக்கும் வேறு என்கிறது. எங்கு கண்டாலும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பது ஏனைய மத்ஹபுகளில் பரவலாக உள்ள கருத்து. இலங்கையில் இப்போது 'உள்நாட்டுப் பிறை', 'சர்வதேசப் பிறை' என்று பேசப்படுவதன் வேர் இதுதான். முழுக்கக் கணிப்பின்படி மாதத்தை வகுப்போரும் உண்டு. கொழும்பில் வாழும் போரா சமூகத்தினர் தங்கள் கணிப்பு நாட்காட்டியின்படி பெரும்பாலும் ஓரிரு நாள் முந்தியே நோன்பைத் தொடங்குகிறார்கள். அதை யாரும் சண்டையாக்குவதில்லை.

இலங்கையில் தீர்மானம் எடுக்கும் நடைமுறை இது. மாதத்தின் 29ஆம் நாள் மாலை நாடெங்கும் மக்கள் மேற்கு வானத்தைப் பார்ப்பார்கள். மஃரிப் தொழுகைக்குப் பின் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பள்ளிவாசல் நிர்வாகம், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடுவார்கள். ஊர்களில் இருந்து வரும் தகவல்கள் விசாரிக்கப்படும். பிறகு முடிவு வானொலி, தொலைக்காட்சி வழியே அறிவிக்கப்படும். ஷாபிஈ சட்டத்தில் ரமழான் தொடங்க நேர்மையான ஒருவரின் சாட்சியம் போதும். நோன்பை முடித்துப் பெருநாள் எடுக்க இருவர் வேண்டும்.

கிண்ணியாவில் நடந்தது

2013 ஓகஸ்ட் 7ஆம் திகதி மாலை பிறை கண்டதாகக் கிண்ணியாவில் பலர் சொன்னார்கள். கொழும்பில் கூடியவர்கள் அதை ஏற்கவில்லை. பெருநாள் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். கிண்ணியாவிலும் வேறு சில இடங்களிலும் மக்கள் 8ஆம் திகதியே பெருநாள் எடுத்தார்கள்.

வானியல் கணக்கு கொழும்பின் பக்கமே சாய்ந்திருந்தது. அமாவாசைக் கணம் இலங்கை நேரப்படி 7ஆம் திகதி அதிகாலை மூன்றரை மணிக்குச் சற்று முன்னர். அன்று மாலை சூரியன் மறையும்போது பிறையின் வயது சுமார் 15 மணித்தியாலம். அந்த வயதுப் பிறையை வெறுங்கண்ணால் கண்டதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பதிவுகள் உலகிலேயே மிக அரிது. இதை மறைத்துவிட்டு கிண்ணியாவுக்காக வாதாடினால் அது நேர்மையாகாது.

ஆனால் அன்று அந்த வீட்டில் யாரும் பாகைக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. நண்பனின் வாப்பா சொன்னது வேறு: "மகன், கண்டவங்க எங்கட ஊர் ஆக்கள். பள்ளியில எங்களோட நின்று தொழுறவங்க. அவங்க பொய் சொல்றாங்க எண்டு கொழும்பில இருந்து எப்படிச் சொல்றது?"

அவரைப் புண்படுத்தியது தேதி மாறியது அல்ல. தன் ஊர் மனிதர்களின் கண் நம்பப்படவில்லை என்பதுதான். 'உங்கள் கண் தவறியிருக்கலாம்' என்று சொல்வதற்கும் 'நீங்கள் பொய் சொல்கிறீர்கள்' என்று சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாராவது பொறுமையாக விளக்கியிருந்தால் அவர் அதே முடிவைக்கூட ஏற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

இதை வாசிக்கும் தமிழ் வாசகருக்கு இந்த வலி புதிதல்ல. கண்ணால் கண்டதைச் சொல்லி ஆணைக்குழுக்களின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். 'கண்டேன்' என்று ஒரு தாய் சொன்னதை, தூரத்தில் இருந்த ஒருவர் ஒரு வரியில் தள்ளிவிட்டபோது என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். பிறை விவகாரத்தையும் காணாமலாக்கப்பட்டோர் விவகாரத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் சாட்சியைக் கேட்கும் முறை என்ற ஒன்று இரண்டிலும் இருக்கிறது.

நம் வீட்டுப் பஞ்சாங்கம்

கேலி செய்யுமுன் நம் வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வேறுவேறாகத்தான் சொல்கின்றன. பத்திரிகைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகின்றன. மருத்துநீர் வைக்கும் நேரம் ஒரு வீட்டில் ஒன்று, அடுத்த வீட்டில் இன்னொன்று. சனிப்பெயர்ச்சியில் இந்த வித்தியாசம் நாட்கணக்கைத் தாண்டியும் போவதுண்டு. எங்கள் ஊரில் ஒரு கோயில் ஒன்றைப் பின்பற்ற, பக்கத்துக் கோயில் மற்றதைப் பின்பற்றியது. இதனால் சைவர்கள் பிளவுபட்டார்கள் என்று யாரும் எழுதியதில்லை.

ஒற்றுமை யாருக்கு வேண்டும்?

முஸ்லிம்களிடம் பிறை ஏன் இவ்வளவு பெரிய ஒற்றுமைப் பிரச்சினையாகிறது என்பதை இலங்கைச் சூழலோடு சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் வந்த முதல் நோன்பை அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்து அகதி முகாம்களில் பிடித்தார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து சரியாகப் பதினாறு நாட்களில், மே 7ஆம் திகதி, ரமழான் தொடங்கியது. அந்த நோன்பு மாதத்திலேயே குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எந்தப் பள்ளிவாசல் எந்தக் கொள்கை என்பது பாதுகாப்புத் தரப்பின் கேள்வியாகவும் ஆனது. அப்படியான நேரத்தில் 'ஒரே நாளில் நோன்பைத் தொடங்குவோம்' என்ற வேண்டுகோளில் மார்க்கத்தோடு பயமும் கலந்திருக்கிறது.

பயத்தில் பிறக்கும் ஒற்றுமை எப்படியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். போர்க் காலத்தில் ஒற்றுமை என்ற பெயரில் மாற்றுக் கருத்துக்காரரைத் துரோகி என்றோம். பேச வேண்டிய பலர் பேசாமல் இருந்தார்கள். சிலர் பேசியதற்காகக் கொல்லப்பட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அயலவரான நாங்கள் அமைதியாக இருந்ததும் அந்த ஒற்றுமையின் ஒரு பகுதிதான். ஆகவே முஸ்லிம் சமூகத்துக்கு ஒற்றுமை பற்றி வகுப்பெடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்கள் அனுபவத்தைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஏனைய நாடுகள் என்ன செய்கின்றன?

1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஒரு நாட்டில் பிறை உறுதியானால் ஏனையோரும் அதை ஏற்க வேண்டும் என்றும், கண்ணால் காண்பதே அடிப்படை, வானியல் கணிப்பைத் துணையாகக் கொள்ளலாம் என்றும் தீர்மானித்தது. ஆனால் நாடுகள் தத்தம் வழியிலேயே தொடர்கின்றன. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய நான்கும் பிறை அடிவானத்தில் இருந்து 3 பாகை உயரமும், சூரியனில் இருந்து 6.4 பாகை விலகலும் கொண்டிருக்க வேண்டும் என்ற பொது அளவுகோலுக்கு வந்திருக்கின்றன. சாட்சி சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அந்த எண்கள் முன்கூட்டியே தெரியும்.

அப்படியிருந்தும் இந்தோனேசியாவில் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடுவதில்லை. 2023இல் முஹம்மதியா அமைப்பினர் ஏப்ரல் 21ஆம் திகதி பெருநாள் எடுத்தார்கள், அரசாங்கம் 22ஆம் திகதி என்று அறிவித்தது. கணிப்பைப் பின்பற்றும் முஹம்மதியா தன் தேதியை மாதக்கணக்கில் முன்பே வெளியிட்டுவிடும். எனவே கடைசி இரவில் அதிர்ச்சியடைய யாருக்கும் எதுவும் இல்லை.

இங்கே முதலில் செய்யக்கூடியது இதுதான். 29ஆம் நாள் வருவதற்கு முன்பே, அன்றைய பிறையின் வயதும் உயரமும் என்ன, எந்த அளவுக்குக் கீழே வரும் சாட்சியம் ஏற்கப்படாது, ஏன் ஏற்கப்படாது என்பதைத் தமிழில் எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் அறிவிக்கலாம். சாட்சியம் நிராகரிக்கப்பட்டால், சொன்னவரின் மானம் கெடாதபடி காரணத்தைச் சொல்லலாம். நிராகரித்தவர்கள் அந்த ஊருக்கே போய் உட்கார்ந்து பேசலாம்.

அன்று பின்னேரம் நான் புறப்பட்டபோது நண்பனின் உம்மா எனக்கு ஒரு பெட்டியில் வட்டிலப்பம் கட்டித் தந்தார். இன்னொரு பாத்திரத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மருமகன் நோன்பு திறப்பதற்கு. பெருநாள் எடுத்த கையாலேயே நோன்புக் கஞ்சியும் காய்ச்சிக்கொண்டிருந்தார். "அவருக்கு நோன்புதானே மகன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.