வீட்டின் ஒழுங்கும் பிள்ளையின் உடலும்

யேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலே அந்நாட்டைவிட்டு வெளியேறிய யூத வைத்தியர்களுள் ஹில்டே புரூக் என்னும் பெண்மணியும் ஒருவர். குழந்தை வைத்தியத்தில் தேர்ந்த அவர், இங்கிலாந்தில் சிறிது காலம் தங்கி, 1934இல் நியூயோர்க் நகரை அடைந்தார். அந்நகரின் வீதிகளிலும் பாடசாலைகளிலும் மிகையாகப் பருத்த சிறுவர் பலரைக் கண்டு வியப்புற்றார். பொருளாதார மந்தத்தால் வறுமை மலிந்திருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய பருமனுக்குச் சுரப்பிகளின் கோளாறே காரணம் என்று அக்கால வைத்தியர் பலர் கருதினர். புரூக் அம்மையாரோ பிள்ளைகளைப் பரிசோதித்ததோடு அமையாது, அவர்களுடைய குடும்பங்களையும் ஆராயத் தலைப்பட்டார். பெரும்பாலாரிடத்தில் சுரப்பிக் கோளாறு எதுவும் காணப்படவில்லை. 1940இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே குடும்பச் சூழலை அவர் விரிவாக எடுத்துரைத்தார். வைத்தியரின் பார்வையை வீட்டின் பக்கம் திருப்பியது அவருடைய பெருந்தொண்டு. ஆயினும் பழியின் பெரும்பங்கைத் தாயின் தலையிலே சுமத்திவிட்டார். அது நீதியன்று என்பது என் கருத்து.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1950இல் அமெரிக்க வீடுகளில் ஏறக்குறைய 100க்கு 9இல் மட்டுமே இருந்த அப்பெட்டி, பத்தே ஆண்டுகளில் 100க்கு 87 வீடுகளில் இடம்பிடித்தது. அதன்முன் அமர்ந்து உண்பதற்கென்றே, உறையவைத்த இராப்போசனத் தட்டுகளும் கடைகளுக்கு வந்தன. வானொலியிலே பேசுகின்ற ஒருவன் தொலைக்காட்சியைக் குறைகூறுவது பொறாமை போலத் தோன்றக்கூடும், பொறுத்தருள்க. 1963-65 காலப்பகுதியில் 6 முதல் 11 வயது வரையான அமெரிக்கச் சிறுவருள் 100க்கு 4 பேர் மிகைப்பருமன் உடையவராயிருந்தனர். 1988-94 காலப்பகுதியில் அத்தொகை 11 ஆயிற்று.

2010ஆம் ஆண்டில் சாரா அன்டர்சன், றொபேட் விற்றேக்கர் என்னும் ஆய்வாளர் இருவர், நான்கு வயது அமெரிக்கப் பிள்ளைகள் 8,550 பேரின் விபரங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் நோக்கிய வழக்கங்கள் மூன்று. வாரத்தில் ஐந்து இரவுகளுக்கு மேல் குடும்பத்தோடு கூடியிருந்து உண்ணல் ஒன்று. பத்தரை மணி நேரத்துக்குக் குறையாத இரவுறக்கம் மற்றொன்று. திரைமுன் இருத்தல் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமை மூன்றாவது. இவை மூன்றும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுள் மிகைப்பருமன் உடையோர் 100க்கு 14.3, ஒன்றேனும் இல்லாத வீடுகளிலோ 24.5. குடும்ப வருமானம், தாயின் பருமன் முதலியவற்றைக் கணக்கிலெடுத்த பின்னரும் வேறுபாடு மறையவில்லை. இவ்வாய்வு தொடர்பொன்றைக் காட்டிற்றேயன்றி, இதனால்தான் இது விளைந்தது என்று நிறுவவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இம்மூன்று வழக்கங்களும் ஒருங்கே வாய்த்த பிள்ளைகள் அவர்களுள் ஏறக்குறைய ஏழில் ஒருவரே. உடனே தாய்மாரைக் குறைகூறும் பழைய எண்ணம் தலைதூக்கக்கூடும். ஆனால், பிள்ளை உண்ணும் வேளையில் தொழிற்சாலை வாயிலில் நிற்கின்ற தாய்க்கு அந்த ஐந்து இரவுகளைக் கொடுக்க வேண்டியவர் அவளுடைய வேலை நேரத்தை வகுப்பவரே.