போப்பாண்டவரின் விலாங்கும் ஒரு வெள்ளை ஒயினும்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "இந்த வயதில் இது வேறா?" என்று நண்பர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் மகனோடு இத்தாலி போனபோது, டஸ்கனியில் சான் ஜிமிஞானோ என்ற மலையூரில் அரைக் கிளாஸ் வெள்ளை ஒயின் குடித்தேன். மனைவி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். குடித்ததற்குக் காரணம் ஒரு போப்பாண்டவர்.

வேலையில் இருந்த காலத்தில் தாந்தேயின் 'டிவைன் காமெடி'யை ஆங்கிலத்தில் படித்தேன். அதில் உத்தரிக்கிற ஸ்தலத்தில் சாப்பாட்டு ராமன்கள் எலும்பும் தோலுமாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் போப் நான்காம் மார்ட்டின். போல்சேனா ஏரி விலாங்கும் வெர்னாச்சா ஒயினும் அவர் செய்த பாவம். எத்தனையோ போப்புகளுக்கு எத்தனையோ குற்றம்; இவருக்கு இது!

அவர் பிரெஞ்சுக்காரர், 1281-ல் போப் ஆனவர். ரோம் நகரத்தார் இடம் கொடுக்காததால் ஓர்வியெத்தோவில் முடிசூட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார். போல்சேனா ஏரி அங்கிருந்து பக்கம். விலாங்கை உயிரோடு ஒயினில் மூழ்கடித்து, பிறகு சுட்டுச் சாப்பிடுவாராம். தாந்தேயின் பழைய உரையாசிரியர்கள் சொல்வது இது. உரையாசிரியர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனாலும் சமையல் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. விலாங்கு கொழுப்பு மிகுந்த மீன். வெர்னாச்சாவோ புளிப்பும் கடைசியில் பாதாம் தோல் போல லேசான கசப்பும் உள்ள ஒயின். கொழுப்பை அது வெட்டிவிடும்.

ஆனால் போப் குடித்தது இந்த ஊர் ஒயின்தானா? இங்கேதான் சிக்கல். வெர்னாச்சா என்ற பெயர் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல திராட்சைகளுக்கு உண்டு. சார்தீனியாவில் ஒன்று, மார்க்கே பகுதியில் ஒரு கறுப்புத் திராட்சைக்கும் அதே பெயர். லிகூரியாக் கடற்கரை ஒயினைத்தான் தாந்தே சொன்னார் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடிமானம் ஒரு வரிக் கணக்குதான். ஊரைவிட்டு வெளியே போகும் வெர்னாச்சாவுக்கு சான் ஜிமிஞானோவில் 1276-லேயே சுங்கம் விதித்திருக்கிறார்கள். மார்ட்டின் போப் ஆவதற்கு ஐந்து வருடம் முன்பு. வரி போடும் அளவுக்கு ஓடிய சரக்கு போப்பின் மேசைக்குப் போயிருக்காதா?

பிறகு ஊருக்குக் கெட்ட காலம். 1348-ல் கொள்ளைநோய், 1353-ல் புளோரன்ஸுக்கு அடங்கியது. 72 கோபுரங்கள் இருந்தனவாம், இன்று நிற்பவை 14. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாமல் போனதால்தான் இவையாவது மிஞ்சின என்கிறார்கள். ஒயினின் பெயர் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியது. புளோரன்ஸ் அரண்மனைக் கூரையில் வசாரி இந்த ஊரை வரைந்தபோது அதைக் குடிக்கும் உருவம் ஒன்றையும் சேர்த்தார். அப்புறம் அதிகம் காய்க்கும் வேறு திராட்சைகள் தோட்டத்தில் புகுந்தன. 1950-களில் வாரக் குடியானவர்கள் நிலத்தை விட்டு நகரங்களுக்குப் போனார்கள். 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களையே சட்டம் தடைசெய்தது. அதோடு வெர்னாச்சாவும் போயிருக்க வேண்டியது. மிஞ்சியிருந்தவர்கள் விடவில்லை. 1966-ல் இத்தாலி அரசு ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரத் தொடங்கியபோது முதலில் அதைப் பெற்ற ஒயின் இதுதான். 1993-ல் அதைவிட உயர்ந்த தகுதியும் கிடைத்தது. இப்போது புட்டியில் குறைந்தது 85 சதவீதம் வெர்னாச்சா திராட்சை இருந்தாக வேண்டும்.

நாங்கள் போன உணவகத்தில் விலாங்கு இல்லை. பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் போட்டுக் காய்ச்சிய ரிபொல்லீத்தா சூப், அதன் பின்னால் பெக்கோரினோ என்ற ஆட்டுப்பால் சீஸ். மனைவி என் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதே" என்றாள்.

"சீஸைக் கடிச்சுட்டுக் குடிச்சுப் பாரு" என்றேன்.

அடுத்த வாய்க்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸும் திரும்பி வரவில்லை. அதனால்தான் அரைக் கிளாஸ் என்றேன்.