படகு பேட்டரித் தொலைக்கண்காணிப்பு

படகிலுள்ள பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் நிலையைக் கரையிலிருந்தே அறியும் முறை. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியில் பொருத்தும் ஷன்ட், மின்னோட்டத்தை அளக்கிறது. சிம் கார்டு செருகிய கருவி அந்த அளவை இணையம் வழியே கைப்பேசிக்கு அனுப்புகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் மின்னழுத்தத்தை மட்டும் நம்பிப் பயணம் கிளம்புவது ஆபத்து: மின்சாரத்தின் பெரும்பகுதி தீரும்வரை அது அதிகம் மாறாது, பிறகு சட்டென்று விழும். ஏறிய மின்சாரத்தையும் செலவானதையும் கூட்டிக் கழித்தே மிச்சத்தைச் சொல்ல முடியும். கேரளத்தில் 2017 ஜனவரியில் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடத் தொடங்கிய, 75 பேர் செல்லும் சூரிய மின்படகு 'ஆதித்யா' போன்றவற்றுக்கு இக்கணக்கே உயிர்நாடி.

கடலில்லாத பெரம்பலூர், அரியலூர் போன்ற தமிழக மாவட்டங்களில் இத்தகைய தொலைக்கண்காணிப்புக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சூரிய மின்பம்பு. 2019இல் தொடங்கிய, மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தின் பம்புகளிலும் தொலைக்கண்காணிப்புக் கருவி உண்டு.