எழுத்துநிலை மண்டபமும் அல்லங்காடியும்

என் பேத்தியிடம் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அதில் பிறந்தது இந்தக் கட்டுரை. எங்கள் ஆஸ்டின் டவுனிலிருந்து பிரிகேட் ரோடு நடந்துபோகிற தூரம்தான். ஆனால் கடை கட்டிய பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. சமண வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குமேல் என்ன ஊர்சுற்றல்? பேத்தியோ சனிக்கிழமையானால் பகலில் ஓவியக்கூடம், இரவில் சர்ச் ஸ்ட்ரீட் என்று கிளம்பிவிடுவாள். "கிறுக்கி வைத்த படத்தைப் போய்ப் பார்க்கிறதும், ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் நிற்கிறதும் நம் வழக்கத்திலேயே இல்லை" என்றேன். "எந்த நூலில் இல்லை, தாத்தா?" என்று கேட்டாள்.

நான் முறையாகத் தமிழ் பயின்ற புலவன் அல்லன், வியாபாரி. படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான். ஆனாலும் கேள்வி கேட்டால் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டு. பார்த்தேன். வழக்கு எனக்கு எதிராகத்தான் முடிந்தது.

முதலில் படம். உ.வே.சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்த பரிபாடலில் பத்தொன்பதாம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், பாடியவர் நப்பண்ணனார். பாண்டியனும் மதுரை ஜனங்களும் திருப்பரங்குன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே எழுத்துநிலை மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. சுவரெல்லாம் ஓவியம். ஓரிடத்தில் ஞாயிறு முதலான கோள்களின் நிலை. ஓரிடத்தில் காமனும் இரதியும். இன்னோரிடத்தில் அகலிகை, கௌதமன், பூனையாகி ஓடும் இந்திரன். பெண்கள் "இது யார், இவள் யார்" என்று கேட்கிறார்கள், கூட வந்தவர்கள் விடை சொல்கிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்? இன்று கூடத்தில் வழிகாட்டி செய்கிற வேலை இதுதானே. சாமி கும்பிடப் போன இடத்தில் நின்று படம் பார்ப்பதும், புரியாததை வெட்கப்படாமல் கேட்பதும் நம் முன்னோருக்கு வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

"எழுத்து" என்ற சொல்லையும் கவனியுங்கள். பழந்தமிழில் அதற்கு ஓவியம் என்றும் பொருள். இது எனக்கு ஏட்டறிவாகத்தான் இருந்தது, சென்னைக்குத் தெற்கே சோழமண்டலத்துக்குப் போகும்வரை. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் ஏற்படுத்திய ஓவியர் கிராமம் அது. 1960-களில் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை தீட்டினார். பார்த்தால் ஜாதகக் கட்டமும் பழைய ஏடும் மாதிரி இருக்கும். எழுத்துப் போலத் தெரியும், வாசிக்க முடியாது. அரை மணி நேரம் அதை வாசிக்கப் பார்த்துவிட்டு, சரி, இது வாசிக்கிற எழுத்தில்லை, பார்க்கிற எழுத்து என்று விட்டேன். அதன் பிறகுதான் நப்பண்ணனார் ஏன் அந்தச் சொல்லைப் போட்டார் என்பது மனசில் இறங்கியது. கிறுக்கல் என்று சொன்ன வாயை அங்கேயே மூடிக்கொண்டேன்.

இனி இரவு. இங்குதான் எனக்குப் பலத்த அடி. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் ஓர் ஊரின் இரவை யாமம் யாமமாகப் பாடியிருக்கிறார். பகல் கடைக்கு நாளங்காடி, மாலைக் கடைக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயரே இருந்தது. விளக்கு, விழா, கள், பரத்தையர் எல்லாம் வருகிறது. முதல் யாமம் கழிந்தால் கடை அடைக்கிறார்கள். அடுத்து, மோதகமும் இனிப்புப் பணியாரமும் விற்கிறவர்கள் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். நடுயாமத்தில் கள்வரும், அவரைத் தேடும் ஊர்க்காவலரும் நடமாடுகிறார்கள். அதே மதுரையில், செம்பால் செய்தது போன்ற சிவந்த சுவரோடு உயர்ந்து நிற்கிற சமணப் பள்ளியையும் புலவர் பாடாமல் விடவில்லை. கள்ளுக்கடையும் எங்கள் பள்ளியும் ஒரே ஊரில், ஒரே பாட்டில்!

சமணத் துறவி என்று மரபு சொல்லும் இளங்கோவடிகள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாரா? கடலாடு காதையில் மாதவியும் கோவலனும் விடியாத பொழுதில் புகார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். சந்தனமும் பூவும் விற்பவர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, அப்பம் விற்பவர் விளக்கு, வேற்றுமொழிக்காரர் விளக்கு, கலங்கரை விளக்கு என்று ஒன்றுவிடாமல் கணக்கு எடுக்கிறார் அடிகள். இதே கோவலனுக்கு மாதரி வீட்டில் சமையல் நடக்கும்போது, சாவக நோன்பி ஆகையால் பகலிலேயே உணவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார். ஆக, இரவில் உண்ணாமை எங்கள் நோன்பு. இரவைப் பார்க்காமை நோன்பு என்று எந்த நூலும் சொல்லக் காணோம்.

சித்தன்னவாசலையும் நினைத்தேன். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த சமணக் கோயில் அது. மேல்விதானத்தில் தாமரைக் குளம், முன்தூண்களில் யார்? ஆடல் மகளிர்.

நம் பெங்களூருக்கு வருவோம். கஸ்தூர்பா ரோடு ஒன்றிலேயே மூன்று தலைமுறைக் காட்சிக்கூடங்கள். அரசு அருங்காட்சியகம் 1865-இல் தோன்றி 1877 முதல் இப்போதுள்ள சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறது. தோற்றுவித்த எட்வர்ட் பால்ஃபர்தான் 1851-இல் சென்னை அருங்காட்சியகத்தையும் தோற்றுவித்தவர். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லும் ஆதகூர்க் கல் இங்கேதான் இருக்கிறது. பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்ற வேட்டைநாயின் நினைவுக்கல்லும் அதுவே. பக்கத்தில் 1975-இன் வெங்கடப்பா கலைக்கூடம். 2023 பிப்ரவரியில் அதே சாலையில் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம். பேலஸ் ரோட்டில் 2009-இல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கும் மாளிகையோ, சுரங்கத் தொழிலில் பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாருடையது. பெயரைப் பார்த்தாலே நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் உள்ளே போனவர் எத்தனை பேர்?

இந்த ஊர் இரவுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தது கோலார் தங்கவயலுக்காக. அங்கே பூமிக்கடியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அதே மின்சாரம் 1905-இல் பெங்களூருக்கு வந்தபோதுதான் தெருவிளக்கு எரிந்தது. 2014-இல் வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடங்கள் ஒரு மணிவரை திறந்திருக்க அரசு அனுமதித்தபோது நான் கடுமையாகப் பேசியவன். குடியைப் பற்றிய என் எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆனால் இரவு வேறு, குடி வேறு.

ஒரு சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒன்பதரைக்குப் பேத்தியோடு சர்ச் ஸ்ட்ரீட் போனேன். ஒரே விளக்கு மயம். பல பாஷை காதில் விழுந்தது. ஒரு பையன் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் வேர்க்கடலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். "மதுரைக்காஞ்சி, ரெண்டாம் யாமம்" என்று பேத்தியிடம் காட்டினேன். அவள் அவரை மெல்ல எழுப்பி இரண்டு பொட்டலம் வாங்கினாள். என் பங்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், காலையில் தின்னலாம் என்று.